படித்தும் மறப்பதேன்?

ஆண்டுதோறும் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாளில் நமது நாட்டில் இரண்டு விதமான வீடுகளைக் காண்கிறோம். ஒரு வீட்டில் அண்டை அயலாருக்கெல்லாம் மிட்டாய் வழங்குகிறார்கள். மற்றொரு வீட்டில் அன்று அடுப்பே மூட்டுவதில்லை. முதல் வீட்டைப் பற்றி எழுதுவதற்கும் படம் பிடித்துப் போடுவதற்கும் பலர் இருக்கிறார்கள். நாம் இன்று எழுதப் புகுவது இரண்டாவது வீட்டைப் பற்றியதாகும்.

அந்த வீட்டுப் பிள்ளை படிக்காத பிள்ளை என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவன்தான். புத்தகமும் கையுமாக இருந்தவன்தான். வரிக்கு வரி சிவப்பு மையினால் கோடிட்டவன்தான். 'இவ்வளவு படித்தும் மார்க்கு வரவில்லையே, தலையெழுத்து இவ்வளவுதான்' என்று தாய் பெருமூச்சு விடுகிறாள். 'மண்டையில் ஏறாத பையன்' என்று உபாத்தியாயர் கைவிட்டு விடுகிறார். நாளடைவில் அந்தப் பிள்ளையும் அதையே நம்பி விடுகிறான். இம்மூன்று தீர்ப்புகளுள் மூன்றாவதே மிகக் கொடியது. ஏனெனில், தன்னை மந்தபுத்தியுள்ளவன் என்று நம்பிய பிள்ளை அதன்பின் முயற்சியையே விட்டு விடுகிறான். இத்தகைய பிள்ளைகளில் மிகப் பலருக்குக் குறை மூளையில் இல்லை, படிக்கும் முறையிலேயே இருக்கிறது என்பது நமது கட்சி. அதை ருசுப்பிக்க முயல்வோம்.

நமது பிள்ளைகள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதைச் சற்றுக் கவனிப்போம். பாடத்தைத் திறந்து வைத்துக் கொண்டு முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறார்கள். பிறகு மீண்டும் வாசிக்கிறார்கள். மூன்றாம் முறை வாசிக்கும்போது எழுத்துக்கள் பழகிய முகம் போலத் தோன்றுகின்றன. எங்கும் தடை தட்டுவதில்லை. 'இந்தப் பாடம் எனக்கு வந்துவிட்டது' என்ற திருப்தியோடு புத்தகத்தை மூடுகிறார்கள். இங்கேதான் மோசம் போகிறார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் அடையாளம் கண்டுகொள்ளும் மனிதர் ஆயிரம் பேர் இருக்கலாம்; ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய பெயரையும் ஊரையும் சொல் என்றால் நூறு பேருக்குக்கூட நம்மால் சொல்ல முடியாது. கண்டால் தெரிவது வேறு. காணாமலே சொல்வது வேறு. பரீட்சை மண்டபத்தில் புத்தகம் எதிரே இருப்பதில்லை. அங்கே கேட்கப்படுவது இரண்டாவது வித்தை. வீட்டில் பழகியதோ முதல் வித்தை. நீச்சல் பரீட்சைக்குக் குளக்கரையில் அமர்ந்து தண்ணீரைப் பார்த்துக் கொண்டிருந்தவன் கதியே இப்பிள்ளைகளுக்கும் நேருகிறது.

இஃது ஏதோ நமது ஊகம் அன்று. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் 2006-ம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு முறைப்படி, கட்டுரையை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மற்றொரு முறைப்படி, ஒரே தடவை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்து, நினைவில் நின்றதை வெறுங் காகிதத்தில் எழுத வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு தடவை வாசித்தவர்கள் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர்கள் 75 பங்கும் நினைவு கூர்ந்தார்கள். இவ்வளவோடு சோதனை நின்றிருந்தால் வாசிப்பே மேல் என்று முடிவு கட்டியிருப்போம். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. இரண்டு தடவை வாசித்தவர்களுக்கு எஞ்சியது 42 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கு எஞ்சியது 56 பங்கு. அதே ஆராய்ச்சியின் மற்றொரு பகுதியில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுந்த நம்பிக்கை தெரிவித்தார்கள் என்பது வேடிக்கை. நம்பிக்கை அதிகம், கையிருப்புக் குறைவு. நமது பிள்ளைகளின் துயரம் முழுவதும் இவ்விரண்டு சொற்களில் அடங்கிவிடுகிறது அல்லவா?

மறதியின் இயல்பையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜெர்மனி தேசத்து ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்பவர் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கிக் கொண்டு, பொருளற்ற அசைகளை மனனம் செய்து, அவை எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்து போகின்றன என்று அளந்து 1885-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. ஆனால் ஒரு மாதம் சென்ற பின்னும் ஐந்தில் ஒரு பங்கு அழியாமல் நின்றது. அதாவது, மறதி என்னும் வெள்ளம் முதல் நாளில்தான் பெருக்கெடுக்கிறது. பிறகு வேகம் தணிகிறது. பொருளுள்ள பாடம் இவ்வளவு விரைவில் மறவாது என்பது உண்மையே. ஆயினும், கற்ற மறுநாளே கரையைப் பலப்படுத்துகிறவன் குறைந்த செலவில் ஏரியைக் காப்பாற்றுகிறான்; மார்ச்சு மாதத்தில் மண்வெட்டியுடன் ஓடுகிறவன் உடைந்த கரையையே காண்கிறான்.

இனி, செய்ய வேண்டியது யாது என்பதைச் சொல்வோம். நாம் கூறப்போகும் யோசனைகளுள் எதற்கும் காலணா செலவில்லை. தனிப் போதனைக்குப் பணம் கட்ட இயலாத ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கும் இவை கைகூடும் என்பதாலேயே இவற்றை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

முதலாவது, புத்தகத்தை மூடப் பழக வேண்டும். ஒரு பகுதியைக் கருத்தூன்றி ஒரு முறை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய காகிதத்தின் பின்புறத்தில் நினைவிலுள்ளதை எழுதிப் பார்க்க வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் குறித்துக் கொள்ள வேண்டும். முதல் சில நாட்கள் இது கசக்கும். பாதி கூட வராது. 'வாசித்தபோது தெரிந்ததே!' என்று மனம் சலிக்கும். அந்தச் சலிப்புக்கு இடங்கொடுக்கக் கூடாது. தடுமாறித் தேடி எடுத்த விஷயமே நெஞ்சில் நிலைக்கிறது. கோடிடுவது, மீண்டும் மீண்டும் வாசிப்பது ஆகிய பழக்கங்களை 2013-ம் ஆண்டில் டன்லாஸ்கி முதலிய அறிஞர்கள் பத்து விதமான படிப்பு முறைகளோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தார்கள். இவ்விரண்டும் குறைந்த பயனுடையவை என்ற வரிசையில் விழுந்தன. தன்னைத் தானே சோதித்துக் கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் ஆகிய இரண்டு மட்டுமே மிகுந்த பயனுடையவை என்ற இடத்தைப் பெற்றன.

இரண்டாவது, அந்த இடைவெளியைப் பற்றியது. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் சரித்திரம் படிப்பதைக் காட்டிலும், ஐந்து நாட்களில் நாளொன்றுக்கு ஒரு மணியாகப் படிப்பது நெடுநாள் நிற்கும். திங்களன்று கற்ற பாடத்தைச் செவ்வாயன்று கால் மணி நேரம் புத்தகமின்றிச் சொல்லிப் பார்க்கட்டும். அவ்வாரக் கடைசியில் ஒரு முறை, பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் நேரம் சுருங்கிக் கொண்டே வரும். செடிக்கு நாள்தோறும் ஒரு குடம் ஊற்றுகிறவனும், ஆண்டு முழுவதற்குமான தண்ணீரை ஒரே நாளில் கொட்டுகிறவனும் ஒரே அளவுதான் செலவழிக்கிறார்கள், பலன் ஒன்றாகுமா?

மூன்றாவது, கணக்கைப் பற்றியது. ஒரே மாதிரிக் கணக்குகளை இருபது தொடர்ந்து போட்டால் கை ஓடுகிறது, மூளை உறங்குகிறது. எந்த வாய்பாடு பொருந்தும் என்று யோசிக்கும் வேலையே அங்கே இல்லை. பரீட்சைத் தாளிலோ அந்த யோசனையே முதல் வேலை. ரோரர், டெய்லர் என்னும் இருவர் 2007-ல் கன அளவு காணும் கணக்குகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒரு வகையை முடித்து அடுத்த வகைக்குச் சென்றவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 பங்கு சரியாகப் போட்டார்கள். பல வகைகளைக் கலந்து போட்டவர்கள் 60 பங்கே சரியாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் முன்னவர் 20 பங்குக்கு வீழ்ந்தனர்; பின்னவர் 63 பங்கு பெற்றனர். ஆகவே, இன்றைய கணக்கோடு சென்ற வாரத்துக் கணக்கு இரண்டும் சென்ற மாதத்துக் கணக்கு ஒன்றும் கலந்து போடுவது நலம். உபாத்தியாயர் பலகையில் போட்ட கணக்கை நோட்டில் அழகாகப் பார்த்தெழுதுவதைக் கணக்குப் பயிற்சி என்று எண்ணுவதை அறவே விட வேண்டும்.

நான்காவது, திருத்திக் கொடுத்த விடைத்தாள். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் பரீட்சைகளின் விடைத்தாள் கையில் வந்ததும் பிள்ளைகள் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுகிறார்கள். அந்தத் தாளை விடச் சிறந்த ஆசிரியர் அவர்களுக்குக் கிடையாது. ஒரு தனி நோட்டில் ஒவ்வொரு தவறையும் எழுதி, அது நேர்ந்த காரணத்தையும் எழுத வேண்டும். விஷயம் தெரியாமையா, தெரிந்தும் நினைவு வராமையா, கேள்வியைச் சரியாக வாசியாமையா, நேரம் போதாமையா? நான்கிற்கும் மருந்து வேறு வேறு. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில், எழுதத் தொடங்குமுன் கேள்வித்தாளை வாசிப்பதற்கென்றே பத்து நிமிஷம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் வாசிக்கப் பழகியவன் கேட்டதற்கு விடை எழுதுகிறான். பழகாதவன் தெரிந்ததை எழுதி வைக்கிறான்.

ஐந்தாவது, உறக்கம். இரவு ஒரு மணி வரை கண் விழித்துப் படிப்பதை நாம் ஏதோ தவமாகப் போற்றுகிறோம். 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தார் 2016-ல் அறிவித்தனர். பகலில் கற்றதை மூளை உறக்கத்தில்தான் பதப்படுத்தி வைக்கிறது என்பது இன்று ஆராய்ச்சியாளர் பொதுவாக ஒப்பும் விஷயம். உறக்கத்தைத் திருடிப் படிப்பது, விதை நெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும். கைப்பேசியைப் பற்றியும் இங்கேயே சொல்லி விடலாம். படிக்கும் ஒரு மணி நேரம் அது வேறு அறையில் இருக்கட்டும். ஒரே அறையுள்ள வீடானால் தாயின் கையில் இருக்கட்டும்.

'இவையெல்லாம் அந்நிய தேசத்துச் சரக்கு, நமக்குப் பொருந்துமா?' என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நாம் சொல்லும் மறுமொழி இது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கன் பாடம் கேட்கும் முறையை வகுத்திருக்கிறார். கேட்டதை மீண்டும் நினைத்துப் பார்ப்பதும், உடன் பயில்வாரோடு பழகுவதும், வினாவுவதும், வினாவியதற்கு விடை சொல்வதும் அங்கே கற்கும் முறையின் உறுப்புகளாகவே எண்ணப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டுக் கொண்டாலும் புலமையில் கால் பங்கே வரும் என்றும், உடன் கற்பாரோடு பயின்றால் மற்றொரு கால் பங்கு வரும் என்றும், எஞ்சிய பாதி பிறருக்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்றும் அவர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார். மேனாட்டு ஆராய்ச்சிச் சாலைகளில் அளந்து கண்டதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்பதை நேயர்களே யோசித்துப் பார்க்கலாம்.

இன்னுமொரு விஷயம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்தி வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுத்து எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தமது விடுதியில் கையாண்டு, பிள்ளையே பிள்ளைக்குப் போதிக்கும் முறை ஒன்றை ஏற்படுத்தி, 1797-ல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். அது இங்கிலாந்தில் 'மதராஸ் முறை' என்ற பெயரோடே பரவிற்று. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறை சொல்லிக் கொடுத்ததும், மற்றவர்கள் ஒப்பித்ததும் நம் பாட்டன்மார் அறிந்த செய்தி. அப்பள்ளிகளில் எல்லாம் நன்றாகவே இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பிரம்படி மிகுதி, பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் அவற்றின் வாயில் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. அந்தக் கொடுமை ஒழிய வேண்டியதே. ஆனால் கொடுமையோடு சேர்த்து, கேட்டதைத் திரும்பச் சொல்லும் நல்ல வழக்கத்தையும் ஒழித்துவிட்டு, அச்சுப் புத்தகத்தின் முன் பிள்ளையை ஊமையாக உட்கார வைத்து விட்டோம்.

மனப்பாடத்தையே நாம் வெறுக்கிறோம் என்றும் யாரும் கருத வேண்டாம். வாய்பாடும், செய்யுளும், இரசாயனக் குறியீடும் நெஞ்சில் இருக்கத்தான் வேண்டும். கருவி கையில் இல்லாத தச்சன் யோசித்துப் பயன் என்ன? நாம் கண்டிப்பது, பொருள் அறியாமல் உரைநூலிலுள்ள விடையைச் சொல் மாறாமல் விழுங்குவதையே. கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் அப்படி விழுங்கியவன் திகைத்து நிற்கிறான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'எனக்கு எழுத்து வாசனை இல்லை; பிள்ளைக்கு நான் என்ன உதவி செய்ய முடியும்?' என்று ஏங்கும் தாய்மார் நமது கிராமங்களில் அநேகர். அம்மா, உங்களால் முடிந்த உதவியைப் பெரிய பண்டிதராலும் செய்ய முடியாது. இரவு சோறு பரிமாறும்போது, 'இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்குப் புரியும்படி சொல்' என்று கேளுங்கள். மழை எப்படிப் பெய்கிறது, இரத்தம் எப்படி ஓடுகிறது என்று மகள் உங்களுக்கு விளக்கட்டும். புரியாத இடத்தில் 'அது எப்படி?' என்று மறித்துக் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லித் தெரிய வைக்க முடிந்தால் அவளுக்குப் பாடம் வந்துவிட்டது. முடியாவிட்டால் எந்த இடத்தில் வரவில்லை என்பது அவளுக்கே விளங்கிவிடும். நன்னூலார் சொன்ன அந்தப் பாதிப் பங்கு புலமை உங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

உபாத்தியாயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிஷத்தை நேற்றைய பாடத்தையும் சென்ற வாரப் பாடத்தையும் கேட்பதற்கு ஒதுக்குங்கள். அதற்கு மார்க்கும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். தவறாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பு சிரிக்காமல் பார்த்துக் கொண்டால் போதும். தவறிவிடுவோமே என்ற அச்சம் நீங்கினாலன்றி எந்தப் பிள்ளையும் வாய் திறவான். பத்தாம் வகுப்பில் மட்டும் விழித்துக் கொண்டு, மாலை வகுப்பு, இரவு வகுப்பு என்று பிள்ளைகளை வாட்டுவதை விட, ஆறாம் வகுப்பிலேயே இந்தப் பழக்கத்தை ஊன்றிவிடுவது உபாத்தியாயருக்கும் எளிது, பிள்ளைக்கும் எளிது.

பழக்கம் மட்டும் போதாது; வயிற்றிலும் ஏதாவது இருக்க வேண்டும் என்பதை நமது நாடு முன்னமே உணர்ந்திருக்கிறது. 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் அது மாகாணமெங்கும் விரிந்தது. 2022-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் தொடங்கிற்று. பசித்த பிள்ளைக்கு ஞாபக சக்தியைப் பற்றி உபதேசிப்பது பாவம் என்று அறிந்தவர்கள் செய்த காரியங்கள் இவை. உணவு தந்த நாடு, படிக்கும் முறையையும் கற்றுத் தர வேண்டாமா? என்ன படிப்பது என்பதற்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் அச்சிடுகிறோம். எப்படிப் படிப்பது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டு விடுகிறோம். படித்த குடும்பத்துப் பிள்ளை அதை வீட்டில் கற்றுக் கொள்கிறான். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை யாரிடம் கற்றுக் கொள்வான்? பள்ளிக்கூடம் சொல்லித் தராவிட்டால் அவனுக்குச் சொல்லித் தர இவ்வுலகில் வேறு யாருமில்லை. சமத்துவம் பேசும் தேசத்தில் இந்த வேற்றுமை நீடிப்பது நீதியாகாது.

இறுதியாக, நாம் தொடங்கிய அந்த அடுப்பு மூட்டாத வீட்டுக்கே திரும்புவோம். மாநிலத்தில் முதலிடம் பெற்றவர் யார் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2017-ல் நிறுத்தினர். அது நல்ல காரியம். ஆனால் சர்க்கார் நிறுத்தியதை நாம் நமது திண்ணைகளில் இன்னும் நிறுத்தவில்லை. மார்க்கு என்பது ஒரு நாளில், மூன்று மணி நேரத்தில், சில கேள்விகளுக்கு எழுதிய விடையின் அளவேயன்றி ஒரு பிள்ளையின் விலை அன்று. தவறியவர்களுக்கு மறுபடி எழுதத் துணைத் தேர்வு உண்டு. மனம் உடைந்தவர்களுக்கு 104 என்ற எண்ணில் ஆறுதல் சொல்லும் மனிதர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய் தந்தையர் உண்டு. முடிவு வெளியான அன்று அவர்கள் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, 'வா, சாப்பிடு' என்பதே.

மறுநாள் காலையில் பழைய காகிதம் ஒன்றை எடுத்து, புத்தகத்தை மூடி, நினைவிலுள்ளதை எழுதச் சொல்லுங்கள். பத்து வரிதான் வந்தாலும் பாதகமில்லை. அடுத்த வாரம் அது பதினைந்தாகும். அந்த ஐந்து வரியைக் கண்ட பிள்ளை, தன் தலையெழுத்தைத் தன் கையினாலேயே எழுதலாம் என்பதை அறிந்து கொள்வான். அந்த அறிவே அவன் பெறக்கூடிய மார்க்குகள் அனைத்திலும் பெரியது.